உங்களுக்குத் தெரியுமா? ‘இன்னும் ஒரு ரவுண்டு’ ஸ்பெஷல்!

மூன்று கிலோமீட்டர் ஓடலாம் என்றுதான் கிளம்பினீர்கள். ஓடி முடித்து செல்போனைப் பார்த்தால் ஐந்து காட்டுகிறது. கொடுங்கள் கையை! ஒலிம்பிக் வீரர் முதல் ஒன்பது வயதுப் பொடியன் வரை எல்லோரும் உங்கள் கட்சிதான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதிதாக ஓட ஆரம்பித்திருக்கும் அத்தனை பேருக்கும் இந்த வாரத் துணுக்குகள் சமர்ப்பணம். ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு வாருங்கள்!

★

2019 செப்டம்பர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். ஒன்பது வயதுப் பையன் 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். ஒரு திருப்பத்தில் யாரோ ‘நேரே போ’ என்று சொல்லிவிட்டார்கள். போய்விட்டான்! அது 10 கி.மீ. பாதை. பிள்ளையைக் காணோமே என்று அம்மா தவித்துக்கொண்டிருக்க, பையன் வந்து சேர்ந்தான். எத்தனையாவதாக? முதலாவதாக! அடுத்து வந்தவருக்கு வயது 40. அவரும் வந்தது ஒரு நிமிடம் கழித்து!

இன்னொரு கூத்து அதே அமெரிக்காவில், 2016-ல், ராச்செஸ்டர் நகரில். 12 வயதுச் சிறுமி. அவளும் 5 கி.மீ. ஓடத்தான் வந்தாள். தாமதமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அது அரை மாரத்தான் கூட்டம்! பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பினாளா? இல்லவே இல்லை. 21.1 கி.மீ.யையும் முடித்துவிட்டுத்தான் நின்றாள். 2 மணி 43 நிமிடம்!

ஒரு ஆள் வழி தவறலாம். ஒரு போட்டியே வழி தவறினால்? 2015 நவம்பர், பாங்காக். அரை மாரத்தான் ஓடியவர்களைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பவில்லை. ஆயிரக்கணக்கான பேர் சுமார் 6 கி.மீ. கூடுதலாக ஓடித் தீர்த்தார்கள். ஒரே காலையில் எத்தனையோ பேருக்கு வாழ்நாள் தூரச் சாதனை, அவர்களைக் கேட்காமலேயே!

இதற்கு நேர் எதிர் இங்கிலாந்தின் மான்செஸ்டர். 2013, 2014, 2015 மூன்று வருடமும் மாரத்தான் பாதையை 380 மீட்டர் குறைவாக அளந்துவிட்டார்கள். விஷயம் பின்னால்தான் வெளியே வந்தது. ‘நான் மாரத்தான் ஓடிவிட்டேன்’ என்று மார்தட்டிய சுமார் 24 ஆயிரம் பேரின் நேரக்கணக்கு ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனது!

★

மைதானக் கணக்கு தெரியுமா? 400 மீட்டர் மைதானத்தை 12½ முறை சுற்றினால் 5 கி.மீ. 20 ரவுண்டு என்றால் 8 கி.மீ. 25 ரவுண்டு என்றால் 10. முழு மாரத்தானுக்கு? 105½ ரவுண்டு!

விடிகாலை ஐந்தே முக்கால். பெரம்பலூர் எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது ரவுண்டு முடிந்தால் 3.2 கி.மீ. நேற்று வரை உங்கள் கை இடுப்புக்குப் போன இடம் அதுதான். இன்றைக்கு என்னவோ மூச்சு சீராக இருக்கிறது. இரண்டு எட்டுக்கு உள்ளே, இரண்டு எட்டுக்கு வெளியே. முன்னால் ஓடும் பள்ளிக்கூடப் பெண்ணின் ஷூ தப் தப் என்று தாளம் போடுகிறது. அந்தத் தாளத்தில் உங்கள் காலும் போகிறது. பனியனில் வியர்வை முதுகிலிருந்து இடுப்பு வரை இறங்கிவிட்டது. ஒன்பது. பத்து. சரி, இன்னும் ஒன்று. பதினொன்று. பாதியில் விட மனசு வருமா? பன்னிரண்டரை! ஒரே காலையில் பழைய சாதனைக்கு மேல் 1,800 மீட்டர்!

இது எப்படி நடக்கிறது? உடம்பு உங்களிடம் சொல்லாமலேயே தயாராகிக்கொண்டிருந்தது என்பதுதான் ரகசியம். ஓட ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி 10 சதவீதம் வரை கூடிவிடும்! கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. எடை இயந்திரம் வாயே திறக்காது. இதயத்துக்கு மட்டும் தெரியும்!

1967-ல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை ஓட வைத்தார். பயிற்சியே இல்லாத எலி 29 நிமிடத்தில் களைத்து விழுந்தது. சில மாதம் ஓடிப் பழகிய எலி? 186 நிமிடம்! ஆறு மடங்குக்கும் மேல்! தசைக்குள் சக்தி தயாரிக்கும் நொதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. உங்கள் தொடைக்குள்ளும் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது!

புதிதாக ஓடுபவர்களில் பலர் எங்கே நிற்கிறார்கள் தெரியுமா? மிகக் கஷ்டமான பகுதியில்! ஓட ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நிமிடம் தசை கேட்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. மூச்சு முட்டும். ‘நமக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று தோன்றும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து அந்தக் கட்டத்தைத் தாண்டினால் போதும், அதே தூரம் பாதிக் கஷ்டம்தான்!

★

சோபாவில் சாய்ந்து கிடப்பவரை 9 வாரத்தில் 5 கி.மீ. ஓட வைக்கும் பயிற்சி அட்டவணை ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்டது. முதல் நாள் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் தெரியுமா? 60 விநாடி! அப்புறம் 90 விநாடி நடை. மறுபடி 60 விநாடி, மறுபடி நடை என்று மாறி மாறி. இவ்வளவுதான்!

ஐந்தாவது வாரத்தில்தான் குண்டு வைத்திருக்கிறார் மனிதர்! முதல் நாள் ஐந்தைந்து நிமிடமாக மூன்று ஓட்டம். இரண்டாம் நாள் எட்டெட்டு நிமிடமாக இரண்டு. மூன்றாம் நாள்? நடையே கிடையாது. ஒரே மூச்சாக 20 நிமிடம்! எட்டிலிருந்து இருபதுக்கு ஒரே தாவல். அச்சுப்பிழையோ என்று இரண்டு தடவை படிப்பீர்கள். ஓடியும் விடுவீர்கள்!

★

ஒலிம்பிக்கிலேயே முதன்முறையாக மாரத்தான் ஓடி, அதிலேயே தங்கம் வாங்கினால்? 1952, ஹெல்சிங்கி. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாட்டோபெக். 5,000 மீட்டரில் தங்கம். 10,000 மீட்டரில் தங்கம். ‘சரி, மாரத்தானும் ஓடிப் பார்க்கலாமே’ என்று இறங்கினார். அதுவரை ஒரு மாரத்தான் கூட ஓடியதில்லை!

உலகின் அதிவேக மாரத்தான் வீரர் அன்றைக்கு இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். அவர் பக்கத்திலேயே ஓடிய ஸாட்டோபெக், ‘இந்த வேகம் சரிதானா?’ என்று அவரிடமே கேட்டாராம். கடுப்பான பீட்டர்ஸ் ‘மெதுவாக இருக்கிறது’ என்று கிண்டலாகச் சொல்ல, இவர் அதை நிஜமென்று நம்பி வேகத்தைக் கூட்டிவிட்டார்! பீட்டர்ஸ் பாதியில் ஓட்டத்தை விட்டார். ஸாட்டோபெக் 2 மணி 23 நிமிடத்தில் ஒலிம்பிக் சாதனை. எட்டே நாளில் மூன்று தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்ற வேறு ஆள் இன்று வரை கிடையாது!

1960 ரோம் ஒலிம்பிக். எத்தியோப்பிய அணியில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர் அபேபே பிகிலா. கொடுத்த ஷூ காலுக்குச் சரிப்படவில்லை. கழற்றிப் போட்டார். 42.195 கி.மீ.யும் வெறுங்கால்! தங்கம்! உலகின் அதிவேக நேரம்! நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு மறுபடி தங்கம்!

நம் பக்கத்துக் கேரளத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது! 2016 ஜனவரி, மும்பை மாரத்தான். வயநாட்டுக்காரர் டி. கோபி. அவருக்குப் போட்டியாளர் வேலையே கிடையாது. இன்னொரு வீரருக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் ‘பேசர்’. 30 கி.மீ. வரை கூட ஓடிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 30 வந்தது. கால் நன்றாக இருந்தது. ஒதுங்கவில்லை. இந்தியர்களில் இரண்டாவதாக முடித்தார். நேரம் 2 மணி 16 நிமிடம் 15 விநாடி. ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி!

அதோடு நின்றாரா? ரியோவில் 25-வது இடம். அடுத்த வருடம், 2017-ல், சீனாவில் ஆசிய மாரத்தான் சாம்பியன். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய ஆண் அவர்தான். ஒதுங்கச் சொன்ன இடத்தில் ஒதுங்கியிருந்தால்?

பேசர் ஜெயித்த கதையும் உண்டு! 1994, லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தான். பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் மேல் வரை வேகம் கொடுக்க பால் பில்கிங்டனைக் கூலிக்குப் பிடித்திருந்தார்கள். பின்னால் யாரும் நெருங்கவில்லை. ஓடிக்கொண்டே போனார். முதலிடம்! பரிசு? ரொக்கமும் ஒரு பென்ஸ் காரும்! இரண்டாவதாக வந்த இத்தாலிக்காரர் ‘ஜெயித்தது நான்தான்’ என்று நினைத்துக் கையை உயர்த்தியதுதான் பரிதாபம்.

★

61 வயது. உருளைக்கிழங்கு விவசாயி. 1983-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை 875 கி.மீ. ஓட்டத்துக்கு வந்து நின்றார் கிளிஃப் யங். பக்கத்தில் எல்லாம் இளவட்டங்கள். முதல் இரவு எல்லோரும் தூங்கினார்கள். கிளிஃபை மட்டும் தவறுதலாகப் பின்னிரவிலேயே எழுப்பிவிட்டார்கள். எழுந்தார், ஓடினார், முந்திவிட்டார்! 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முதலிடம். இரண்டாவது ஆள் வர பல மணி நேரம் ஆனது. பரிசு 10,000 டாலர். கூட ஓடியவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்!

அவரை விடப் பெரிய ஆள் நம்ம பஞ்சாப்காரர் ஃபௌஜா சிங்! பிறந்தது 1911. ஐந்து வயது வரை நடக்கவே முடியாத பிள்ளை. 1994-ல் மகனைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தில்தான் ஓட்டம் பிடித்துக்கொண்டது. லண்டனில் பயிற்சியாளரிடம் போய் நின்றபோது மாரத்தான் என்றால் 26 கி.மீ. என்று நினைத்திருந்தாராம். அது 26 மைல்! தெரிந்ததும் திரும்பிப் போனாரா? 2000-ல், 89 வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். முதல் மாரத்தான்!

2011 அக்டோபர், டொரன்டோ. வயது 100. முழு மாரத்தான். 8 மணி 11 நிமிடம்! கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறவில்லை. காரணம், 1911-ல் அவர் ஊரில் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கமே இல்லை. சான்றிதழ் கேட்டவர்கள் அந்தக் காலைப் பார்த்திருக்கலாம்! 2013-ல் ஹாங்காங்கில் 10 கி.மீ. ஓடிவிட்டு ஓய்வு. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி இறந்தார்.

மகாராஷ்டிரத்தின் பாராமதி. அறுபதைத் தாண்டிய லதா பகவான் கரே. கணவருக்கு ஸ்கேன் எடுக்கக் கையில் காசில்லை. 3 கி.மீ. ஓட்டத்துக்குப் பரிசு உண்டென்று கேள்விப்பட்டார். மடிசார் போல வரிந்து கட்டிய ஒன்பது கஜப் புடவை, வெறுங்கால். ஓடினார். முதல் பரிசு! அந்தக் கதை சினிமாவாக வந்தபோது கதாநாயகி யார் தெரியுமா? அவரேதான்! தேசிய விருது விழாவில் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது!

2006-ல் ஒடிசாவில் புதியா சிங் புரியிலிருந்து புவனேஸ்வரம் வரை 65 கி.மீ. ஓடினான். நேரம் 7 மணி 2 நிமிடம். வயது நான்கு. இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஆச்சரியக்குறி போட எனக்கு மனசு வரவில்லை. நெடுந்தூரம் ஓட அவனுக்கு அரசு தடை போட்டதுதான் சரி.

★

பெண்கள் 800 மீட்டர் ஓடினாலே தாங்க மாட்டார்கள் என்று ஒலிம்பிக் நடத்தியவர்கள் நம்பினார்கள் தெரியுமா? 1928-ல் ஒரு தடவை ஓடவிட்டார்கள். அப்புறம் தூக்கிவிட்டார்கள். மறுபடி சேர்க்க எத்தனை வருடம் ஆனது? 32!

1966, பாஸ்டன் மாரத்தான். பெண் என்பதால் பாபி கிப்புக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்துகொண்டார்! சகோதரரின் அரைக்கால் சட்டை, அதற்கு மேல் தலையை மூடிய சட்டை. கூட்டம் பாதி போனதும் உள்ளே புகுந்தார். 3 மணி 21 நிமிடம். ஓடிய ஆண்களில் பெரும்பாலோருக்கு முன்னால் வந்துவிட்டார்!

ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் எப்போது வந்தது? 1984! ஆண்கள் ஓட ஆரம்பித்து 88 வருடம் கழித்து!

இன்றைக்கு நம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் அண்ணா பிறந்தநாளையொட்டி நடக்கும் மாவட்ட நெடுந்தூர ஓட்டத்தில் பெண்களுக்கு எத்தனை தூரம்? 5 கி.மீ.! 1928-ல் ‘தாங்க மாட்டார்கள்’ என்ற தூரத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல்!

அதே ஓட்டத்தில் 17 முதல் 25 வயது வரையிலான ஆண்களுக்கு 8 கி.மீ. 25-ஐத் தாண்டியவர்களுக்கு? குறைப்பார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? கூட்டிவிட்டார்கள்! 10 கி.மீ.! முதல் பரிசு 5,000 ரூபாய். பத்தாவதாக வந்தாலும் 1,000 ரூபாய் உண்டு!

2023 நவம்பர் 4-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டின் 38 மாவட்டத்திலும் ஆளுக்கொரு நடைபாதை. எல்லா இடத்திலும் ஒரே நீளம். 8 கி.மீ.! பெரம்பலூருக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று. நடக்கத்தான் போட்டார்கள். ஓடினால் யார் கேட்கப் போகிறார்கள்?

அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். சர்க்கரை நோயும் உண்டு. ஓடியிருக்கும் அரை மாரத்தான்கள் எத்தனை? நூற்றுக்கும் மேல்!

★

பெரம்பலூரிலிருந்து அரியலூர் எவ்வளவு தூரம்? சாலை வழியே சுமார் 30 கி.மீ. அப்படியென்றால் முழு மாரத்தான் ஓடுகிறவர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து, டீ கூடக் குடிக்காமல் திரும்பி, இன்னும் 12 கி.மீ. ஓட வேண்டும்! பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வாருங்கள். மாரத்தான் என்றால் என்னவென்று அப்போது புரியும்!

நீங்கள் ஓடுவது எதன் மேல் தெரியுமா? கடல் அடித்தளத்தின் மேல்! சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பெரும்பகுதி கடல். காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் சுறாமீன் பல் கிடைத்திருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் கிடைக்கின்றன. உங்கள் தனிப்பட்ட சாதனை தூரத்துக்கு இவ்வளவு பழைய டிராக் வேறு யாருக்கு வாய்க்கும்?

சாத்தனூர்க் கல்மரம் பார்த்திருக்கிறீர்களா? வயது சுமார் 12 கோடி ஆண்டு. நீளம் 18 மீட்டர். அதன் பக்கத்தில் அதன் நீளத்துக்கு ஓடிப் பாருங்கள். 5 கி.மீ. வர எத்தனை கல்மரம் வேண்டும்? 278!

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி. இன்றைய பொன்னேரி. அதன் கரை அந்தக் காலத்தில் 16 மைல் என்று ஆங்கிலேயர் காலத்து ஆவணம் சொல்கிறது. அதாவது 25 கி.மீ.க்கும் மேல். ஆயிரம் வருடத்துக்கு முன்பே அரியலூரில் அரை மாரத்தானை விட நீளமான நடைபாதை ரெடி!

புதுக்கோட்டை ஒன்றும் தூரமில்லை. அந்த மாவட்டத்துக்காரர் ஜி. லட்சுமணன். 2017 ஆசியத் தடகளப் போட்டி, புவனேஸ்வரம். 5,000 மீட்டரில் தங்கம். 10,000 மீட்டரிலும் தங்கம்! ஒரே போட்டியில் 37½ ரவுண்டு, இரண்டு தங்கம்!

கடல் கடந்த தமிழர் ஒருவர். மலேசியாவின் ஜி. சரவணன். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டி. 50 கி.மீ. நடை. ஓடவே கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். 4 மணி 10 நிமிடம்! சொந்த ஊர் ரசிகர்களுக்கு முன்னால் தங்கம்!

★

வாயில் ஊற்றித் துப்பினாலே வேகம் கூடும் என்றால் நம்புவீர்களா? 2004-ல் இங்கிலாந்தில் சைக்கிள் வீரர்களுக்கு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, விழுங்காமல் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தில் நேரம் ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்தது! வயிற்றுக்குள் ஒரு சொட்டு போகவில்லை. ‘சாப்பாடு வருகிறது’ என்று நாக்கு மூளைக்குச் சொன்னதற்கே இவ்வளவு!

தனக்குத் தானே பேசிக்கொண்டால்? 2014 ஆய்வு. ‘நல்லா போற, விடாதே’ என்கிற மாதிரி வார்த்தைகளைப் பழகிக்கொண்டவர்கள் களைத்து நிறுத்தும் வரை தாக்குப்பிடித்த நேரம் 18 சதவீதம் கூடியது! ‘வாடா மாப்ள, அந்த மைல்கல் வரைக்கும்தான்’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதற்கு இனி வெட்கமே வேண்டாம்!

4.8 கி.மீ.யில் நிற்க முடியாமல் 5 ஆக்கிவிட்டுத்தான் வருகிறீர்களா? உலகமே அப்படித்தான்! சுமார் 98 லட்சம் மாரத்தான் நேரங்களைப் பொருளாதார அறிஞர்கள் அலசினார்கள். 4 மணி நேரத்துக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். அதைத் தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைந்தது. முழு எண்ணைப் பார்த்தால் செத்த காலுக்கும் உயிர் வருகிறது!

ஆடியில் மூன்று கி.மீ.யில் நாக்கு தள்ளியவர் மார்கழியில் ஐந்து ஓடுவது எப்படி? ஆறு பெரிய மாரத்தான்களில் ஓடி முடித்த 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நேரத்தை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-ல் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு ஓட மிகத் தோதான வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழ்! அரியலூரில் அது எந்தப் பிறவியில் வருமோ! மார்கழி விடியலை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள்.

வெயிலும் வீண் போகாது! 2010-ல் அமெரிக்காவின் ஒரிகனில் சைக்கிள் வீரர்களைப் பத்து நாள் சூட்டில் பயிற்சி செய்ய வைத்தார்கள். அப்புறம் குளிர்ந்த அறையில் ஓட்டிப் பார்த்தால் அங்கேயும் திறன் 6 சதவீதம் கூடியிருந்தது! இதற்காக சித்திரை மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். விடிகாலைப் புழுக்கமே நமக்குத் தாராளம்!

முதல்முறை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த 138 பேரின் ரத்தக் குழாயை லண்டன் மருத்துவர்கள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2020-ல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில் குழாய்களின் வயது சுமார் நான்கு வருடம் பின்னால் போயிருந்தது! அதிக பலன் யாருக்கு? வயதானவர்களுக்கும் மெதுவாக ஓடியவர்களுக்கும்!

இது மட்டும் கட்டாயம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 5,205 ஓட்டக்காரர்களை 18 மாதம் கவனித்த ஆய்வு ஒன்று 2025-ல் வந்தது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் காயம் வரும் வாய்ப்பு ஏறுகிறது. 10 முதல் 30 சதவீதம் வரை தாண்டினால் 64 சதவீதம் கூடுதல். இரட்டிப்புக்கு மேல் போனால் 128 சதவீதம்! அதனால் திடீர்ச் சாதனை படைத்த மறுநாள் காலுக்கு லீவு கொடுங்கள். அடுத்த வாரம் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். அது அப்படியே இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது!

★

ஒரு மாரத்தானை முடிக்க அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகலாம்? ஜப்பானின் ஷிசோ கனகுரி 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஓட ஆரம்பித்தார். கொளுத்தும் வெயில். வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பழச்சாறு கொடுத்தார்கள். குடித்தவர், யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்! 1967-ல் ஸ்வீடன்காரர்கள் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். 75 வயதில் வந்து முடிவுக் கோட்டைத் தாண்டி ஓட்டத்தை முடித்துவைத்தார். 54 வருடம் 8 மாதம் 6 நாள் 5 மணி 32 நிமிடம் 20.3 விநாடி!

மாரத்தான் ஏன் 42.195 கி.மீ.? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அளந்தால் இந்த எண்! அதற்கு முன் 1896 ஏதென்ஸில் சுமார் 40 கி.மீ.தான். அங்கே ஜெயித்தவர் ஸ்பிரிடான் லூயிஸ். தொழில்? தண்ணீர் சுமந்து விற்பது!

சாலைப் போட்டிகளின் தூரத்தை எதை வைத்து அளக்கிறார்கள் தெரியுமா? செயற்கைக்கோள் இல்லை. சைக்கிள்! முன்சக்கரத்தில் ஒரு சின்ன எண்ணும் கருவி, அவ்வளவுதான். பாதை ஒரு அடி கூடக் குறைந்துவிடக் கூடாதே என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவே போட்டுவிடுகிறார்கள். முறைப்படி அளந்த 5 கி.மீ. போட்டியில் நீங்கள் ஓடுவது 5,005 மீட்டர். 10 கி.மீ. என்றால் 10,010. முழு மாரத்தான் ஓடியவர் கணக்கில் வராமல் ஓடிய கூடுதல் தூரம் மட்டும் 42 மீட்டர்!